உளுந்தோடு வரும் நுண்ணுயிர்கள்

பால் தயிராவதற்கு உறைமோர் வேண்டும். இட்லி மாவுக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை என்பது, மதகடிப்பட்டு முதல் பாகூர் வரை எல்லாச் சமையலறைகளிலும் அன்றாடம் நடப்பதாலேயே யாரும் வியக்காத ஒன்று. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அரைப்பதற்கு முன்பே உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எஸ்.கே. முகர்ஜியும், அமெரிக்காவில் ஜெனீவா என்னும் ஊரிலுள்ள நியூயார்க் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தின் கார்ல் பெடர்சன், கீத் ஸ்டெய்ன்க்ராஸ் முதலியோரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு, மாவு பொங்குவதற்கு முதற்காரணம் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியாவே என்று காட்டியது. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, புளிப்புத் தரும் லாக்டிக் அமிலத்தையும் மாவை உப்பவைக்கும் கரியமில வாயுவையும் அது சேர்த்தே வெளியிடுவதால், ரொட்டிக்குத் தேவைப்படும் ஈஸ்ட் இங்கே இன்றியமையாததன்று. அந்த வாயுவை வெளியேற விடாமல் பிடித்துவைப்பவை உளுந்தின் புரதமும் கொழகொழப்பும். அரிசியை மட்டும் அரைத்துவைத்தால் புளிக்குமே தவிர இவ்வாறு பொங்காது. மாவு நன்றாகப் பொங்கினால் கரைத்தவரின் கைராசி என்பார்கள். உப்பையும் மாவையும் சீராகக் கலப்பது கையின் வேலைதான் என்றாலும், பாராட்டில் பெரும்பங்கு உளுந்துக்கே உரியது. முட்டைக்கோசை உப்பிட்டுப் புளிக்கவைக்கும் ஜெர்மானியரின் சார்க்ராட்டிலும் கொரியரின் கிம்ச்சியிலும் வேலையைத் தொடங்கிவைப்பது, காய்கறியோடு வரும் இதே பாக்டீரியாதான்.

விதையில் இவ்வாறிருக்க, உளுந்துச் செடியின் வேரிலோ ரைசோபியம் எனப்படும் வேறொரு கூட்டம், மண்ணிலிருந்து நுழைந்து முடிச்சுகளில் குடியேறி, செடி தரும் சர்க்கரைக்கு ஈடாகக் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி ஏற்கும் வடிவில் மாற்றித் தருகிறது. பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் அலசி, முடிச்சொன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் அந்நிறம், முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். காய் முற்றும்போது நிறம் மங்கி முடிச்சு ஓய்ந்துவிடுகிறது. சேர்த்த நைட்ரஜனில் பெரும்பகுதி பருப்போடு களத்துக்குப் போய்விடுவதால், அடுத்த பயிருக்கு உரமே வேண்டாம் என்று சொல்வது மிகைதான். விதைப்புக்கு முன் ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து, உளுந்து விதைமேல் பூசி நிழலில் உலர்த்தும் ரைசோபியம் உயிர் உரமும், முதலில் இத்தகைய முடிச்சுகளிலிருந்து பிரித்தெடுத்து வளர்க்கப்பட்டதே.