அள்ளியும் பள்ளியும்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் நல்லம்பள்ளி இருக்கிறது. பாலக்கோடு வட்டத்தில், சின்னாற்று அணை உள்ள பஞ்சப்பள்ளி. அதே வட்டத்தில்தான் மாரண்டஅள்ளியும். ஊர்ப்பெயரின் கடைசியில் வரும் இந்தப் பள்ளியும் அள்ளியும் ஒரே சொல்தான்.

பழங்கன்னடத்திலும் அது பள்ளிதான். ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டு முதல், சொல்லின் முதலில் நின்ற பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறத் தொடங்கியது. பால் ஹாலு ஆனது; பத்து ஹத்து, புலி ஹுலி. பள்ளியும் ஹள்ளி ஆனது. இரு மொழியும் புழங்கும் தர்மபுரிச் சீமையில் அந்த ஹகரம் தமிழர் பேச்சில் உதிர்ந்து, அள்ளி மிஞ்சியது. ஒகேனக்கல்லும் இப்படி வந்த பெயரே. நம் புகைதான் கன்னடத்தில் ஹொகெ. அருவியின் நீர்த்திவலை புகையாக எழுவதால் அது புகையும் கல்.

பள்ளிக்கு எத்தனை பொருள்! ஊர், படுக்கை, முனிவர் உறைவிடம், கல்விக்கூடம் எல்லாம் அதில் அடக்கம். தங்குமிடம் என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டால் மற்றவை விளங்கிவிடும். குடும்பங்கள் தங்கினால் சிற்றூர். உடல் சாய்ந்தால் படுக்கை. பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள் என்பவை அப்படி வந்தவை. துறவிகள் தங்கினால் மடம். மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழிக் கல்வெட்டிலேயே துறவியர் குகை பள்ளி எனப்படுகிறது. சமணரும் பௌத்தரும் தங்கிய இடங்களில் கல்வியும் நடந்ததால் அந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு வந்தது என்பார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

பின்னர் வந்த சமயங்களும் இச்சொல்லை ஏற்றுக்கொண்டன. தமிழ் முஸ்லிம்களுக்குத் தொழுமிடம் பள்ளிவாசல். மலையாளத்தில் மசூதியும் பள்ளி, கிறிஸ்தவத் தேவாலயமும் பள்ளி. தெலுங்கில் பள்ளி, பல்லெ இரண்டும் சிற்றூரைக் குறிக்கும். ஆந்திரத்து மதனப்பள்ளி அந்த வகை. வடமொழியிலும் பல்லி என்றால் சிற்றூர்தான்.

ஆகவே, அள்ளி என்று முடியும் ஊர்க்காரர்கள் அதைப் பிழையென்று எண்ணிப் பள்ளி என்று திருத்த வேண்டாம். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். இரண்டு மொழிகள் சேர்ந்து வாழ்ந்ததற்கு அந்த அகரமே சான்று.