கோடையில் வீட்டுப் புல்தரைப் பராமரிப்பு

மணமக்களை வாழ்த்தும் பெரியோர், ஆலைப் போல் தழைத்து அருகைப் போல் வேரோட வேண்டுமென்று கூறுவது தமிழ்நாட்டு வழக்கம். அருகின் வலிமை அதன் வேரில் உள்ளதென்பதைக் குடியானவர் நன்கு அறிவர். வயலில் அருகு பரவிவிட்டால் அதனை ஒழிப்பது எளிதன்று. கோடை உழவில் புரட்டப்பட்ட தண்டுகள் வெயிலில் காய்ந்து மடியினும், கொழுமுனைக்கு எட்டாமல் ஆழத்தில் தங்கிய கணுக்கள் முதல் மழையில் மீண்டும் துளிர்க்கின்றன. வயலில் இவ்வாறு சாகாத புல், வீட்டு முற்றத்தில் மட்டும் சித்திரை வெயிலில் மடிந்துவிடுமென அஞ்சி, நாள்தோறும் கிணற்று நீரை அதன்மேல் தெளிப்போர் அநேகர். இதனால் நீர் விரயமாவதோடு புல்லும் கெடுகிறது.

அருகின் இயல்பு:— அருகு வெப்ப நாட்டுப் புல். தரையின்மேல் ஓடும் தண்டுகளாலும், தரைக்குள் ஓடும் தண்டுகளாலும் அது பரவுகிறது. மண்ணில் ஈரம் குறையும்போது முதலில் இலைகளை மடித்துக்கொள்ளும். பின்னர் அவற்றைக் காயவிட்டு, கணுக்களில் உயிரை அடக்கி உறங்கும். ஆகவே கோடையில் தோன்றும் பழுப்பு நிறம் சாவின் குறியன்று. ஐயமிருப்பின், மண்ணைச் சிறிது கிளறி ஒரு தண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்க்கலாம். உட்புறம் வெண்மையாகவும் ஈரமாகவும் இருப்பின் உயிருண்டு; வற்றி நொறுங்குமாயின் அப்பகுதி இறந்ததாகும்.

நீர் பாய்ச்சுதல்:— பூவாளியாலோ ரப்பர் குழாயாலோ தினமும் சிறிது நீர் தெளித்தால் மேல்மண் மாத்திரம் நனையும். அந்த ஈரமும் நண்பகலுக்குள் ஆவியாகிவிடும். ஈரம் மேலேயே கிடைப்பதால் வேர்களும் மேலேயே தங்கும். ஒரு நாள் நீர் தவறினும் புல் வாடும். மாறாக, அரையடி ஆழம் நனையும்படி ஒரே முறை பாய்ச்சி, அடுத்த முறைக்குச் சில நாள் இடைவெளி விட்டால் வேர்கள் ஈரத்தைத் தேடிக் கீழிறங்கும். பாய்ச்சிய மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைத் தரையில் அழுத்திப் பார்த்தால், அது எளிதில் இறங்கும் அளவே ஈரத்தின் ஆழமென்று அறியலாம்.

செம்மண் நிலத்தில் வாரம் ஒரு முறை ஓர் அங்குல நீர் போதுமானது. மணற்பாங்கான நிலம் நீரைத் தாங்காதாகையால் அதே அளவை இரு தவணையாகப் பிரித்து வெவ்வேறு நாட்களில் விடுதல் நலம். கரிசல் மண்ணில் நீர் மெதுவாகவே இறங்கும். ஆகையால் சிறிது விட்டு, அது ஊறிய பின் மீண்டும் விட வேண்டும். அடுத்த முறைக்கு இடைவெளியும் கூடுதலாக இருக்கலாம். நடந்த காலடி நெடுநேரம் நிமிராமல் தெரிவதும், புல் நீலம் கலந்த சாம்பல் நிறம் கொள்வதும் நீர் வேண்டுமென்பதற்கு அறிகுறிகள். அக்குறிகள் தோன்றும் முன் பாய்ச்சுவது அநாவசியம். பொழுது புலரும் வேளையே பாய்ச்சுவதற்கு உகந்தது. மாலையில் விடும் நீர் இரவெல்லாம் இலைமேல் நின்று பூஞ்சண நோய்க்கு இடந்தரும்.

நீரின் கணக்கு:— ஒரு சென்ட் பரப்பில் ஓர் அங்குல நீர் விடுவதற்குச் சுமார் 1,030 லிட்டர் செலவாகும். 15 லிட்டர்க் குடத்தால் இது ஏறக்குறைய 69 குடம். 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம், கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்று அளவு வகுத்தது. அக்கணக்குப்படி ஐவர் அடங்கிய குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 275 லிட்டர் ஆகிறது. எனவே ஒரு சென்ட் புல்லுக்கு ஒரு தடவை விடும் நீர், அக்குடும்பத்திற்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் நாள் தேவையை நிறைவேற்றும். ஐந்து சென்ட் புல்தரை வைத்திருப்போர் இதனை ஐந்தால் பெருக்கிப் பார்த்தல் வேண்டும்.

வெட்டுதல்:— கோடையில் புல்லை ஒட்ட வெட்டுவது பெருந்தவறு. இலை குறைந்தால் வேரும் குறுகும். வெயிலும் நேரே மண்ணைத் தாக்கும். ஒன்றரை முதல் இரண்டு அங்குல உயரம் விட்டு, ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வெட்டுதல் வேண்டும். கத்தி கூராக இருத்தல் அவசியம். மருந்து தெளிக்கப்படாத புல்லாயின் வெட்டியதை மாட்டுக்கு இடலாம்.

எரு, களை, கறையான்:— வாட்டத்திலிருக்கும் புல்லுக்கு யூரியா இடலாகாது. ஈரமில்லாத மண்ணில் அது புல்லைக் கருக்கும். ஈரமிருப்பினும் இளந்தழையைத் தூண்டி நீர்ச் செலவை மிகுவிக்கும். மக்காத சாணமும் காய்ந்த தழையும் கறையானை அழைக்கும். ஆகையால் நன்கு மக்கிய தொழு உரத்தைச் சலித்து, மழை தொடங்கியதும் மெல்லியதாய்த் தூவுவதே முறை. கோரை தோன்றினால் இலையை மட்டும் பறிப்பதால் பயனில்லை. களைக்கொட்டால் கிழங்குடன் அகற்ற வேண்டும். மரநிழலில் அருகு செழிக்காது. வேம்பின் அடியில் வெறுமையான இடத்துக்கு நீர் இறைப்பதைவிட, அதனைப் பெருக்கிய தரையாகவே விட்டுவிடுதல் தகும்.

நீர் அரிதான ஆண்டுகளில்:— 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் அளிக்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போயின. அத்தகைய ஆண்டுகளில் புல்லை உறங்கவிடுவதே விவேகம். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை அரை அங்குல நீர் விட்டால் கணுக்கள் உயிரோடிருக்கும். அதற்குக் குளித்த நீரும் உதவும். சலவைச் சோடாவும் வெளுப்புத் தூளும் கலந்த நீரை விலக்க வேண்டும். உறங்கும் புல்லின்மேல் மாடு கட்டுதல், வண்டி நிறுத்துதல், தானியம் உலர்த்துதல் ஆகியவை கூடாது. சென்ற மழையில் நட்டு வேரூன்றிய புல்லுக்கே இம்முறை பொருந்தும். கோடையில் புதிதாய் நட்ட புல் இதனைத் தாங்காது. ஆகையால் நடவை மழைக்காலம் வரை ஒத்திவைத்தல் வேண்டும்.

கிராமப் பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் முதலிய பொது இடங்களில் புல்தரை இருப்பின், அதன் பொறுப்புடைய அதிகாரிகள் இவ்விஷயத்தில் வழிகாட்டுதல் நலம். தெருக் குழாயடியில் குடங்கள் வரிசையாய்க் காத்திருக்கையில் அலுவலக முற்றம் பசுமையாய் விளங்குவது ஊருக்குப் பெருமையன்று. ஐப்பசி மழை வந்ததும் அருகு தானே பசுமை கொள்ளும். அதுவரை கிணற்றில் எஞ்சிய நீர் மனிதருக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் உரியது.