சென்ட்ஓஎஸ் நின்றுவிட்டது! அடுத்தது எது?



கம்ப்யூட்டர் என்றால் நமக்கு விண்டோஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் இணையதளங்களைத் தாங்கும் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. சர்வர் என்பது ராத்திரி பகலாக அணைக்காமல் ஓடும் கம்ப்யூட்டர். லினக்ஸில் பல வகை உண்டு. அதில் சென்ட்ஓஎஸ்ஸை நம்பியவர்கள் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர்.

ரெட் ஹேட் என்ற அமெரிக்க நிறுவனம் தன் லினக்ஸைக் காசுக்குத் தருகிறது. ஆனால் அதன் மூல நிரலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டு வந்தது. அதை வைத்து அச்சு அசலாக அதே மாதிரி செய்து, 2004 முதல் இலவசமாகக் கொடுத்ததுதான் சென்ட்ஓஎஸ். 2014-இல் ரெட் ஹேட்டே அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

2019 செப்டம்பரில் 8-ஆம் பதிப்பு வந்தது. 2029 வரை கவலை இல்லை என்று நம்பினார்கள். ஆனால் 2020 டிசம்பர் 8 அன்று, "2021 முடிவோடு இது நிற்கும்" என்று அறிவிப்பு வந்தது. பழைய 7-ஆம் பதிப்புக்கோ 2024 ஜூன் 30 வரை ஆயுள்! முந்திக்கொண்டு புதுசுக்கு மாறினவங்கதான் மாட்டிக்கிட்டாங்க.

"நின்னா என்ன சித்தப்பா? சர்வர் ஓடத்தானே செய்யுது?" என்று கேட்டேன்.

"ஓடும்மா. ஆனா புதுசா ஓட்டை தெரிஞ்சா அடைக்க ஆளில்ல. எவன் வேணா உள்ள வருவான்" என்றார்.

சரி, எதற்கு மாறலாம்?

1. சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்: ரெட் ஹேட்டில் அடுத்து வரப்போவது இதில் முன்னாடியே வரும். குழம்பை இறக்கும் முன் உப்பு பார்ப்பது போல. ஆயுள் சுமார் 5 வருடம்.

2. ராக்கி லினக்ஸ்: சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிகரி கர்ட்சர் ஆரம்பித்தது. மறைந்த நண்பர் ராக்கி மெக்காவின் நினைவாக வைத்த பெயர். 2021 ஜூனில் வந்தது.

3. அல்மாலினக்ஸ்: 2021 மார்ச்சில் வந்தது. 'அல்மா' என்றால் ஸ்பானிய மொழியில் ஆன்மா. அணுத்துகள் ஆராய்ச்சி நடக்கும் செர்ன், ஃபெர்மிலாப் இரண்டும் 2022-இல் இதைப் பரிந்துரைத்தன.

4. டெபியன்: 1993-இல் தொடங்கியது. முதலாளி கிடையாது, தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். ஆனால் கட்டளைகள் வேறு. சர்வரைப் புதிதாக அமைக்க வேண்டும்.

2023 ஜூனில் ரெட் ஹேட் மூல நிரலுக்கும் கட்டுப்பாடு போட்டது. ராக்கி அச்சு அசலாகவே இருப்போம் என்றது. அல்மாவோ, ரெட் ஹேட்டில் ஓடுகிற மென்பொருள் எங்களிடமும் ஓடினால் போதும் என்றது.

சித்தப்பா முதலில் எல்லாத் தகவலையும் நகல் எடுத்தார். ஒரு பழைய கம்ப்யூட்டரில் சோதித்தார். பிறகுதான் அல்மாவுக்கு மாறினார். அழிக்காமல், இருந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ள முடிந்தது.

நான் புரிந்துகொண்டது இதுதான். இலவசமா என்று மட்டும் பார்த்தால் போதாது. யார் கையில் இருக்கிறது, எத்தனை வருடம் ஓடும், நின்றுவிட்டால் வெளியேற வழி உண்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும். கேட்போமா தோழிகளே?