எழுத்து காட்டாததை யாப்பு காட்டும்: ஆங்கிலக் கவிதையும் வாசிப்புத் திறனும்

உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடநூல்களில் கவிதைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அவ்விடம் எதன்பொருட்டு என்பதில் தெளிவு இல்லை. வகுப்பில் கவிதையை உரைநடையாக்கிப் பொருள் கூறுகின்றனர். அணிகளின் பெயர்களை எழுதிப்போடுகின்றனர். சில அடிகளை மனப்பாடத்திற்கு ஒதுக்குகின்றனர். வாசிப்புத் திறன் உரைநடைப் பாடத்தின் பொறுப்பு, கவிதை சுவைத்தற்கு மட்டும் உரியது என்னும் இப்பாகுபாடு ஏற்கத்தக்கதன்று. ஆங்கிலத்தை இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாகக் கற்போர்க்கு, தன் உச்சரிப்பைத் தானே சுட்டும் பாடப்பகுதி யாப்புடைய கவிதை ஒன்றே என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் பகுதியொன்றில் ஒன்பதாம் வகுப்பு ஒன்றைக் கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மாணவி ஒருத்தி கவிதையைத் தடையின்றிப் படித்தாள். அவளது நூலை வாங்கிப் பார்த்தபோது ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் மேலும் பென்சிலால் நுணுக்கி எழுதியிருந்தது. பெரும்பாலும் தமிழெழுத்து, இடையிடையே கன்னட எழுத்து. காரணம் வினவினேன். 'டென்' என்று தமிழில் எழுதினால் பத்தா, குகையா என்று தெரியாது, கன்னடத்தில் எழுதினால் தெரிந்துவிடும் என்றாள். ஒலிப்புடை, ஒலிப்பிலா வெடிப்பொலிகளைத் தமிழ் வரிவடிவம் வேறுபடுத்திக் காட்டுவதில்லை என்பதை எவரும் சொல்லாமல் அவளே கண்டுகொண்டிருந்தாள்! எனினும் அதே சொற்கள் அடுத்த உரைநடைப் பாடத்தில் மேலெழுத்தின்றி வந்தபோது அவளால் படிக்க இயலவில்லை. அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. வாசிக்கக் கற்பிப்பது தொடக்கப் பள்ளியோடு முடிந்துவிட்டது என்று எல்லாரும் கொண்டுவிட்ட நிலையில், இத்தகைய மாணவர்க்கு எஞ்சியுள்ள இறுதி வாய்ப்பு உயர்நிலை வகுப்பே.

சிக்கல் எங்குள்ளது? தமிழும் கன்னடமும் அசையை அலகாகக் கொண்ட எழுத்துமுறை உடையவை. 'கா' என்பதில் மெய்யும் உயிரும் ஒரே வடிவமாக நிற்கின்றன. கன்னடம் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த பெங்களூருவின் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளைக் கற்கும் பணி தொடக்க வகுப்புகளில் நெடுங்காலம் நீள்வதையும் தனி ஒலியன்களைப் பற்றிய உணர்வு மெதுவாகவே உருவாவதையும் காட்டினார். ஆங்கில நெடுங்கணக்கோ ஒலியன்களைக் குறிக்க எழுந்தது. அதையும் ஒழுங்காகச் செய்வதில்லை. இங்கிலாந்தில் பிராட்லியும் பிரையண்ட்டும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளி சேருமுன் ஒலியியைபையும் மோனையையும் உணரும் குழந்தைகள் பின்னர் வாசிப்பில் முன்னேறுவதைச் சுட்டியது. அவர்கள் ஆய்ந்தவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுவர்; அம்முடிவைப் பதினான்கு வயதினர்க்கு அப்படியே பொருத்துவது முறையன்று. ஆயினும் அசையின் முதலொலியைப் பிரித்து எஞ்சிய பகுதியை ஒப்பிடும் பயிற்சி எவ்வயதிலும் பயன்தரும் என்றே கருதுகிறேன்.

ஓ–யு–ஜி–எச் என்னும் நான்கெழுத்துக் கோவையை எடுத்துக்கொள்வோம். 'தோ', 'டஃப்', 'காஃப்', 'த்ரூ' ஆகிய நான்கு சொற்களின் இறுதியிலும் அது நிற்கிறது. நான்கிலும் ஒலி வேறு. தனிச்சொல்லாகக் கண்டால் மாணவர்க்கு வழியில்லை. ஆனால் இச்சொல் ஓர் அடியின் ஈற்றில் நின்று, முந்தைய அடி 'புளூ' என்னும் நிறப்பெயரில் முடிந்திருக்குமாயின், அது 'த்ரூ' என்பதை மாணவரே உய்த்துணரலாம். அறிந்த சொல் அறியாத சொல்லுக்கு ஒலி தருகிறது.

இவ்விடத்தில் நம் மாணவரின் செவிப்பழக்கத்தையும் கருத வேண்டும். எதுகையில் முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்ற வேண்டும். முதலெழுத்தின் உயிர் எதுவாயினும் தடையில்லை. 'பாடம்', 'கூடம்' எதுகை. 'பட்டு', 'பாட்டு' அல்ல. கன்னடத்தின் ஆதிப்பிராசமும் இரண்டாமெழுத்தையே நம்புவது. இச்செவிக்கு 'பீட்டர்', 'வாட்டர்' என்பவை எதுகையாலும் ஈற்று ஒப்புமையாலும் இனிது இயையும். ஆங்கில யாப்பு இவ்விணையை ஏற்காது. அழுத்தம் பெற்ற உயிரும் அதன்பின் வரும் ஒலிகளும் முழுதும் ஒத்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே 'இயைபு' என்று மொழிபெயர்த்துக் கூறி நகர்ந்துவிடும் ஆசிரியர் மாணவரைத் திசைதிருப்புகிறார். உயிரைக் கேள் என்று சொல்லித்தர வேண்டும். வேறுபாட்டை இவ்வாறு எதிர்நிறுத்திக் காட்டும்போது தமிழ் யாப்பறிவு தடையாகாமல் துணையாகிறது.

அழுத்தம் இதனினும் கடினம். ஆங்கில எழுத்துமுறை அதனை எவ்வகையிலும் குறிப்பதில்லை. ஆர்–ஈ–சி–ஓ–ஆர்–டி என்னும் சொல் பெயராயின் முதலசையும் வினையாயின் ஈற்றசையும் அழுத்தம் பெறும். மெலிவும் வலிவும் மாறிமாறி வரும் அடியில் அச்சொல் நிற்கும் இடமே பெரும்பாலும் விடை கூறிவிடும். நேர், நிரை என அலகிடப் பழகிய மாணவர் குறில் நெடிலை எண்ணத் தொடங்குவர். ஆங்கில அடி மாத்திரையால் அமைவதன்று என்பதைக் கையால் தட்டிக் காட்டினாலன்றி விளங்காது. (யாப்பிலக்கணத்தின் அசையும் மொழியியலார் கூறும் அசையும் ஒன்றல்ல என்பதையும் ஆசிரியர் நினைவிற் கொள்க, நிரையில் பின்னது இரண்டு உண்டு.) அழுத்தமிலா அசையின் உயிர் குறுகி மங்குவதை விளக்கக் குற்றியலுகரம் ஓரளவு உதவும். மொழிபெயர்ப்பாளர் இங்குப் பி.எம். ஸ்ரீகண்டையாவை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலப் பேராசிரியரான அவர் 1920களில் 'இங்கிலீஷ் கீதகளு' என்னும் தொகுப்பிற்காக ஆங்கிலப் பாடல்களைக் கன்னடமாக்கியபோது, அழுத்த நடையை மாத்திரைக் கணங்களாக மாற்றியமைத்தார். மூலத்தின் அழுத்தத்தைத் துல்லியமாகக் கேட்டவராலேயே அது கூடும்.

வகுப்பில் இதனை நிகழ்த்தும் முறைக்குப் பெங்களூருவிலேயே முன்மாதிரி உண்டு. 1963இல் தொடங்கப்பெற்ற தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தின் துணையுடன் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டம், உலகெங்கும் 'பெங்களூர்த் திட்டம்' என்றே அறியப்பட்டது. கடலூர், சென்னைப் பள்ளிகளும் அதில் இடம்பெற்றன. வரைபடம், கால அட்டவணை போன்றவற்றைக் கொண்டு சிந்தித்து விடைகாணும் பணிகளே அதன் மையம், கவிதை அன்று. பொருளில் கவனம் குவிந்தால் இலக்கண வடிவம் தானே படியும் என்பது பிரபுவின் கொள்கை. கவிதையில் வடிவமே கவனத்திற்குரியது என்பதால் அக்கொள்கை இங்கு நேரே பொருந்தாது. ஆனால் ஒரு பணியை ஆசிரியர் முதலில் வகுப்போடு சேர்ந்து செய்து, அதனையொத்த மற்றொன்றை மாணவர் தனித்துச் செய்ய விடும் அவரது நடைமுறை மிகப் பொருத்தமானது. முதற் பத்தியின் ஈற்றுச் சொற்களை ஆசிரியரோடு ஒலித்து இணைப்பது முன்பணி. இரண்டாம் பத்தியில் அறியாச் சொல்லின் ஒலியை ஊகித்து, அகராதியில் சரிபார்ப்பது தனிப்பணி.

ஊகம் பிழைக்கும் இடங்களும் உண்டு. 'லவ்', 'மூவ்' என எழுத்தால் மட்டும் ஒத்த இணைகளைப் பழங்கவிஞர் ஆண்டனர். அவற்றுட் சில அவர்கள் காலத்து உச்சரிப்பில் உண்மையாகவே ஒத்திருக்கலாம். இத்தகையவற்றை முதலில் தவிர்த்துப் பின்னர்க் காட்டுவது நலம். புதுக்கவிதைக்கு இப்பயன் இல்லை. பாடநூற் குழுவினர் அதனை வேறு நோக்கிற்காகத் தேர்ந்தெடுக்கட்டும், யாப்புடைய பாடல்களை முற்றிலும் நீக்கிவிட வேண்டா.

இறுதித் தேர்வு மாறாதவரை வகுப்பறை மாறாது என்று ஆசிரியர்கள் கூறுவது உண்மையே. மனப்பாடப் பகுதி இன்றும் தாளில் எழுதப்படுகிறது. எவரும் அதனைக் கேட்பதில்லை. பள்ளியளவில் வழங்கும் உள்மதிப்பீட்டு மதிப்பெண்களுள் சிலவற்றையேனும், முன்பு காணாத எட்டு அடிகளை மேலெழுத்தின்றி உரக்கப் படிப்பதற்கு ஒதுக்கலாம். அதற்குத் தனி ஆணை எதுவும் தேவைப்படாது.