ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை: வீட்டுப் பேச்சு மேடைப் பாட்டான வரலாறு

முன்னுரை

1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் இறுதிவரை இலங்கைத் தமிழரிடையே வழங்கிய பொப்பிசைப் பாடல்களைத் தமிழியல் இதுவரை தன் ஆய்வுப் பரப்புக்குள் முறையாகக் கொண்டுவரவில்லை. அவை மேலைநாட்டு இசையின் நகல்கள் என்றும், இளைஞரின் பொழுதுபோக்கு என்றும் ஒதுக்கப்பட்டன. நாட்டார் பாடல்கள் தொகுக்கப்பட்டுள்ளன, கூத்து மீட்டெடுக்கப்பட்டுள்ளது, திரையிசை பற்றிய ஆய்வுகளும் பெருகியுள்ளன. இம்மூன்றுக்கும் இடையில் விழுந்துவிட்ட பொப்பிசைக்கு ஒழுங்கான இசைத்தட்டுப் பட்டியல்கூடத் தமிழியலாளரின் கைக்கு எட்டவில்லை.

இப்பாடல்கள் தோன்றிய காலத்தை நோக்கினால் இப்புறக்கணிப்பு வியப்பளிக்கும். தனிநாயகம் அடிகளார் முன்னின்று அமைத்த உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் தோன்றியது. அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும் நான்காவது மாநாடு 1974இல் யாழ்ப்பாணத்திலும் நடைபெற்றன. தமிழியல் உலகளாவிய துறையாக வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் ஈழத்தின் தமிழ்ப் பொப்பிசையும் வளர்ந்தது. ஒன்றை மற்றொன்று திரும்பிப் பார்க்கவில்லை.

இப்பாடல்கள் ஈழத் தமிழரின் வீட்டுப் பேச்சை வெகுசன ஊடகத்தில் பாட்டாக ஒலிக்கச் செய்தன என்பதும், அவ்வகையில் அவை மொழி, சமூக வரலாற்றுக்குச் சான்றாவணங்கள் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. அச்சான்றுகள் அழிந்துகொண்டிருப்பதால் அவற்றைத் தொகுக்கும் பணி இனியும் தாழ்த்தத்தக்கதன்று என்பதையும் இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

பைலாவின் வழி

இலங்கைப் பொப்பிசையின் வேர்களுள் முதன்மையானது பைலா. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தனர். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னரும் வந்த ஆபிரிக்க வழியினரும், போர்த்துக்கேயப் பறங்கியரும் பேணிய ஆடற்பாடல்களிலிருந்து கப்பிரிஞ்ஞாவும் பைலாவும் கிளைத்தன. மட்டக்களப்புப் பறங்கியரிடையே கப்பிரிஞ்ஞா அண்மைக்காலம் வரை திருமண வீடுகளில் நிலைத்திருந்தது. 1940களில் பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் பைலாவைச் சிங்களத்தில் பாடி நகர மக்களிடையே பரப்பினார். பின்னர் எம். எஸ். பெர்னாண்டோ அதனை நாடறிந்த வடிவமாக்கினார்.

‘பைலா’ என்ற சொல் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்தது. கதிரை, அலுமாரி, சப்பாத்து, வாங்கு, தவறணை ஆகியனவும் அம்மொழியிலிருந்தே வந்தவை. யாழ்ப்பாணத்தவர் கதிரையில் அமரும்போது அது அந்நியச் சொல் என்று எண்ணுவதில்லை. அதே கப்பலில் வந்த தாளத்தைக் கேட்டபோது மட்டும் ‘இது நம்முடையதா?’ என்ற வினா எழுந்தது. சொல்லுக்குக் கிடைத்த குடியுரிமை இசைக்குக் கிடைக்கத் தாமதமாயிற்று.

இசை அமைப்பை நோக்கினால் இவ்வினாவின் வலு மேலும் குறையும். பைலா ஆறு-எட்டுத் தாளத்தில் இயங்குவது. ஆறு குறுகிய எண்ணிக்கைகள் மும்மூன்றாகப் பிரிந்து இரண்டு அடிகளாக விழும். தமிழ் இசைமரபில் இம்மும்மை ஓட்டம் திஸ்ர நடை எனப்படும். கும்மிப் பாடல்களில் பெரிதும் வழங்குவதும் இந்நடையே. எனவே பைலாவின் துள்ளல் தமிழ்ச் செவிக்குப் புதிதன்று; கைகொட்டி ஆடிய பழைய நடைக்குக் கிற்றாரும் பொங்கோவும் புதிய ஒலியைத் தந்தன. ஈழத்தவர் இப்பாடல்களைத் ‘துள்ளிசை’ என்றும் அழைத்தமை பொருத்தமே.

வானொலியும் கிற்றாரும்

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேசநாட்டுப் படைகள் பயன்படுத்திய ஆற்றல்மிக்க ஒலிபரப்பு நிலையம் பின்னர் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. 1967இல் அந்நிறுவனம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாற்றியமைக்கப்பட்டது. அதன் வர்த்தக சேவை தென்னிந்தியாவெங்கும் கேட்கப்பட்டது, எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் தமிழகத்து வீடுகளிலும் அறிமுகமாயின.

எனினும் அவ்வானொலி பரப்பிய தமிழ்ப் பாடல்களுள் மிகப் பெரும்பாலானவை தமிழகத் திரைப்பாடல்கள். ஈழத்தவர் ஒருவர் காலை முதல் இரவு வரை தமிழ்ப் பாடல் கேட்டாலும் தம் தெருவின் மொழியைப் பாட்டில் கேட்க வாய்ப்பு அரிதாக இருந்தது. ஒலிபரப்பாளரின் தமிழ் உலகப் புகழ் பெற்றிருந்த காலத்தில் கேட்போரின் தமிழுக்குப் பாட்டில் இடமில்லாதிருந்தது.

இக்காலத்தில் கொழும்பு நகரின் இசைச்சூழல் விரைவாக மாறியது. ஹரி பெலபொன்ரேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டு 1956இல் வெளிவந்தபின் கலிப்சோப் பாணிக் குழுக்கள் தோன்றின. கிளரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவினரும் 1960களின் நடுவில் மின்கிற்றாரைச் சிங்களப் பாடலுக்குள் கொண்டுவந்தனர். தாய்மொழியில் எளிய சொற்களால் பொப் பாடலாம் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். தமிழ் இளைஞர் அந்த வாயிலால் நுழைந்தனர்.

அரசியற் சூழலும் ஒருவகையில் துணைநின்றது. 1970இல் ஆட்சிக்கு வந்த கூட்டரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவும் குறைந்தது. உள்ளூர்ப் படைப்புக்குச் சந்தை உண்டாயிற்று. வீரகேசரிப் பிரசுரங்களாக ஈழத்து நாவல்கள் பெருகியதும், வானொலியில் ஈழத்து மெல்லிசை இடம்பிடித்ததும், பொப்பிசை மேடைகள் நிரம்பியதும் ஒரே காலச் சூழலின் விளைவுகள்.

பாடகரும் பாடல்களும்

இவ்வியக்கத்தின் முன்னோடியாக நித்தி கனகரத்தினம் கருதப்படுகிறார். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ முதலான அவர் பாடல்கள் இலங்கையின் எல்லாத் தமிழ்ப் பகுதிகளிலும் பரவின. ஏ. ஈ. மனோகரன், அமுதன் அண்ணாமலை, எஸ். இராமச்சந்திரன், ஸ்ரனி சிவானந்தன் ஆகியோர் தத்தம் பாணியில் இவ்வடிவத்தை வளர்த்தனர். திருகோணமலையின் பரமேஷ்–கோணேஷ் சகோதரர் மெல்லிசைக்கும் பொப்பிசைக்கும் இடைப்பட்ட இனிய பாங்கொன்றைத் தந்தனர்.

‘சின்ன மாமியே’ பாடலின் அமைப்பு ஆராயத்தக்கது. இளைஞன் ஒருவன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி வினவுகிறான். மாமி மறுமொழி கூறுகிறாள். பாடல் முழுவதும் உரையாடலாகவே நகர்கிறது. தாயின் உடன்பிறந்தானின் மனைவியும் தந்தையின் உடன்பிறந்தாளும் ஈழத்தில் மாமியே. அவள் மகள் முறைப்பெண். எனவே ‘மாமி’ என்ற விளியிலேயே உரிமையும் விண்ணப்பமும் குறும்பும் அடங்கிவிடுகின்றன. சென்னை நகரில் அச்சொல் பெரும்பாலும் ஒரு சமூகத்துப் பெண்ணைச் சுட்டுவதாகக் கேட்கப்படும். ஈழத்துக் கேட்போருக்கோ அது ஒரு திருமண உறவின் முழு வரைபடம்.

இப்பாடல்களின் மொழி முற்றிலும் பேச்சுவழக்கு என்று கூறிவிட முடியாது. வினைமுற்றுகள் பல எழுத்து வழக்கை ஒட்டியவை. விளிகள், உறவுப் பெயர்கள், கேள்வி கேட்கும் தொனி, வீட்டு முற்றத்துச் சீண்டல் ஆகியனவே பேச்சுக்குரியவை. செந்தமிழ்ச் சட்டகத்தில் வீட்டுப் பேச்சின் உயிர் குடிகொண்ட கலப்புநடை இது. இரட்டை வழக்கு மொழியாகிய தமிழில் இவ்விரு வழக்குகளும் பாட்டில் எவ்வாறு சமரசம் காண்கின்றன என்பதை ஆராய விரும்பும் மொழியியலாளருக்கு இதனினும் நல்ல தரவு எளிதிற் கிட்டாது.

இங்கு ஒரு வரலாற்று ஒப்பீடு தேவை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தம் நாடகங்களில் யாழ்ப்பாணப் பேச்சை ஏற்கெனவே கையாண்டிருந்தார். ‘நானாடகம்’ 1940இல் வெளிவந்தது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் மக்கள் பேச்சை இலக்கியத்துள் கொணர்ந்தபோது அது ‘இழிசனர் வழக்கு’ என்று பழிக்கப்பட்டது. மரபு பற்றிய கடும் விவாதம் மூண்டது. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் முற்போக்கு அணியின் கோட்பாட்டுக் குரல்களாக விளங்கினர். சில ஆண்டுகளின் பின் கிற்றார் ஏந்திய இளைஞர் எவ்வித விவாதமுமின்றி அப்பேச்சின் சாயலை ஆயிரக்கணக்கானோர் முன் பாடினர். எழுத்தில் இழிவெனப்பட்டது பாட்டில் கைதட்டல் பெற்றது. இவ்வேறுபாட்டை ஈழத்து இலக்கிய வரலாறு இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

கலந்த மேடையும் அதன் சிதைவும்

ஏ. ஈ. மனோகரனின் பெயரோடு பிரிக்கவியலாதது ‘சுராங்கனி’. மீன் கொண்டுவந்த செய்தியைச் சிங்களத்தில் சொல்லும் அப்பாடல் தமிழ் மேடையிலும் வெற்றி பெற்றது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் மலேசியா வாசுதேவன் அதனைப் பாட, அது தமிழகம் முழுவதும் பரவியது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்த மனோகரன் பின்னர் தமிழகத் திரையுலகில் ‘சிலோன் மனோகர்’ ஆனார். நாடு 1972இலேயே ஸ்ரீலங்கா எனப் பெயர் மாறிவிட்டது. பாடகரின் பெயரிலோ பழைய சிலோனே நிலைத்தது. அவர் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்ட நாட்டில் ஒரே மேடையில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் மாறிமாறி ஒலித்தமை கவனத்துக்குரியது. இதனை இன ஒற்றுமையின் பொற்காலமாகப் புனைந்துரைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. பைலாவுக்குச் சேர்ந்து ஆடியமை 1958இன் வன்முறையை மறக்கச் செய்யவில்லை. 1977இன் வன்முறையைத் தடுக்கவுமில்லை. ஆயினும் அம்மேடை ஓர் உண்மையான தொழிற்களம். இசைக்கலைஞர் ஒருவரிடமிருந்து ஒருவர் தாளமும் சொல்லும் கற்ற இடம் அது. 1983 ஜூலைக்குப் பின் அக்களம் தமிழ்க் கலைஞருக்கு இல்லாமற் போயிற்று. வடகிழக்கில் எழுந்த பாடல்களின் பொருளும் தொனியும் போர்க்காலத்துக்குரியனவாக மாறின. ‘மாமி’யிடம் குறும்பு பேசிய குரல் புலம்பெயர்ந்தது.

அவுஸ்திரேலியாவில் இரு குரல்கள்

நித்தி கனகரத்தினம் மெல்பேணில் குடியேறினார். அவருக்கு முன்பே இந்நாட்டின் பொப்பிசை வரலாற்றில் ஒரு தமிழ்க் குரல் இடம்பெற்றிருந்தது. 1934இல் கோலாலம்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கந்தையா கமலேஸ்வரன் 1953இல் கல்வி கற்க அடிலெயிட் வந்து, ‘கமால்’ என்ற பெயரில் அவுஸ்திரேலியரின் அன்புக்குரிய பாடகரானார். 1975இல் அவர் பாடிய ‘தி எலிஃபன்ட் சோங்’ நெதர்லாந்தில் முதலிடம் பெற்றது. வெள்ளையருக்கே இடம் என்ற குடிவரவுக் கொள்கை 1973இலேயே முற்றாகக் கைவிடப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால் அவர் சாதனையின் அளவு புலப்படும். ஆங்கிலப் பாட்டில் தமிழர் ஒருவர் அடைந்த உயரம் ஒன்று. தமிழ்ப் பாட்டோடு வந்து சேர்ந்த வாழ்வு மற்றொன்று. அவுஸ்திரேலியத் தமிழரின் இசை வரலாறு எழுதப்படும்போது இவ்விரண்டும் ஒரே அத்தியாயத்தில் இடம்பெற வேண்டும்.

மேற்கு சிட்னியில் டூங்கபி, வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில் பகுதிகளில் நிகழும் திருமண வரவேற்புகளில் இப்பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. பேரப்பிள்ளைகள் சொல்லுக்குப் பொருள் அறியாமலே சேர்ந்து பாடுகின்றனர். பாடநூலின் தமிழ் தராத உறவுச் சொற்களை அவர்கள் முதலில் கேட்பது சில வேளைகளில் இப்பாடல்களிலேயாம். புகலிடத் தமிழ்ப் பள்ளிகள் இதனைப் பயன்கொள்ளலாம்.

பேணலின் அவசரம்

இவ்வரலாற்றின் மூலங்கள் 45 சுற்று இசைத்தட்டுகளிலும், சுருள்நாடாக்களிலும், ஒலிப்பேழைகளிலும் உள்ளன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது இழந்தவற்றை அறிவோம். இடப்பெயர்வுகளில் வீடுகள்தோறும் கைவிடப்பட்ட இசைத்தட்டுகளுக்குக் கணக்கில்லை. காந்த நாடாக்கள் தாமே சிதைவன. அவற்றை இயக்கும் கருவிகளும் அருகிவருகின்றன. 2025க்குள் எண்ணிமப்படுத்தப்படாத காந்த நாடாப் பதிவுகளின் பெரும்பகுதி மீட்க முடியாது போகும் என்று அவுஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக்காப்பகம் முன்பே எச்சரித்திருந்தது.

ஆகவே மூன்று பணிகள் உடனடித் தேவைகள். முதலாவது, தட்டின் எண், முத்திரை, பாடகர், பாடலாசிரியர், இசைக்குழு ஆகிய விவரங்களுடன் கூடிய இசைத்தட்டுப் பட்டியல். இரண்டாவது, பாடகர், பின்னணி இசைக்கலைஞர், ஒலிப்பதிவாளர், அறிவிப்பாளர் ஆகியோரின் வாய்மொழி வரலாறு. இவர்களுள் பலர் எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். மூன்றாவது, உரிமையாளரின் இசைவுடன் எண்ணிமப் பிரதிகளைக் குறைந்தது இரு நாடுகளில் வைத்துப் பேணுதல். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் இதற்கு நல்ல அடித்தளம் இட்டுள்ளது. ஆய்வு நூலகங்கள் கைகோத்தால் அப்பணி முழுமை பெறும்.

முடிவுரை

ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை போர்த்துக்கேயத் தாளத்தையும் கும்மியின் நடையையும், எழுத்துத் தமிழையும் வீட்டு விளியையும் ஒன்றாகப் பிணைத்த கலைவடிவம். பேச்சுமொழியின் தகுதி குறித்து அறிஞர் வாதிட்ட காலத்திலேயே அது மக்களிடம் அத்தகுதியைப் பெற்றுவிட்டது. அதனை ஆராய்வதற்குத் தமிழியல் தன் அளவுகோலைத் தாழ்த்த வேண்டியதில்லை. சிந்துக்கும் கும்மிக்கும் காட்டிய கவனத்தை இதற்கும் காட்டினாற் போதும். அதற்குப் பாடல்கள் எஞ்சியிருக்க வேண்டும். பேராளர்களும் நூலகங்களும் தத்தம் நகரங்களில், தத்தம் உறவினர் வீட்டு அலுமாரிகளிலிருந்தே இத்தேடலைத் தொடங்கலாம்.