மோட்டார் எரிந்தால் யார் கணக்கில்?

சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துபோக நாள் நட்சத்திரம் கிடையாது. இருந்தாலும் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் போகும். நீர்மட்டம் இறங்கி மோட்டார் காற்றை இழுக்கும். கூடவே லோ வோல்டேஜும் சேர்ந்துகொள்ளும். விடியற்காலை தண்ணீர் ஏற்றப் போன டேங்க் ஆபரேட்டர் ஸ்டார்ட்டரை அமுக்குவார், டிரிப் ஆகும். மறுபடி அமுக்குவார், மறுபடி டிரிப் ஆகும். மூன்றாவது தடவை அமுக்க மாட்டார். பிரசிடெண்டுக்குப் போன் போடுவார்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் அந்த ஊராட்சியின் நிஜமான பட்ஜெட் கூட்டம். பைப்பைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கும் வண்டிக்காரர் கையில் காசைப் பார்த்தால்தான் வருவார். ரீவைண்டிங் கடைக்காரர் போன வருஷத்துப் பாக்கியை ஞாபகப்படுத்துவார். தண்ணீர் நின்ற இரண்டாம் நாள் குடங்கள் ரோட்டுக்கு வந்துவிடும். அதற்குள் பிரசிடெண்ட் சொந்தப் பணத்தைப் போட்டோ, வட்டிக்கு வாங்கியோ, நகையை அடகு வைத்தோ மோட்டாரை இறக்கிவிடுவார். பில் பாஸாகி அந்தப் பணம் அவர் கைக்குத் திரும்புவதற்குள் அடுத்த மோட்டார் போயிருக்கும்.

‘உள்ளாட்சிகளின் திறன் மேம்பாடு’ என்பது இந்தக் கட்டுரையின் பொருள். திட்டமிடல், வரவு செலவு, மக்கள் சேவை என்று மூன்று பெரிய தூண்கள் அதற்குள் நிற்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் எரிந்த மோட்டாரைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியவில்லை.

பயிற்சிக்கு நாட்டில் பஞ்சமில்லை. மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. மண்டல அளவில் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் கிராம சுவராஜ் இயக்கத்தில் இதற்கென்றே நிதி வருகிறது. தேர்தல் முடிந்ததும் புதுத் தலைவர்களை அழைத்து உட்கார வைத்து வகுப்பெடுக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் உள்ள 29 துறைகள், 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், கிராம சபை நடைமுறை, நீடித்த வளர்ச்சி இலக்குகளைக் கிராமத்துக்கு ஏற்றபடி வகுத்த ஒன்பது கருப்பொருள்கள், இ-கிராம் சுவராஜ் தளத்தில் பதிவேற்றும் முறை எல்லாம் உண்டு. மதியச் சாப்பாடும் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

மேற்கு மாவட்டம் ஒன்றில் முதல் தடவையாகத் தலைவரான ஒரு பெண்மணியிடம் வகுப்பைப் பற்றிக் கேட்டேன். “நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க சார். 29 அதிகாரம் இருக்குன்னாங்க. எங்க ஊருல இருக்கிறது நாலு மோட்டாருங்க. அந்த நாலுக்கும் வருஷத்துக்கு எவ்வளவு எடுத்து வைக்கோணும்னு மட்டும் யாரும் சொல்லலை” என்றார். பக்கத்தில் நின்ற ஊராட்சிச் செயலர், “தலைவரம்மா, அதெல்லாம் பிளான்ல வராதுங்க” என்று மெதுவாகச் சொன்னார். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது.

ஏன் பிளானில் வராது? அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத் தயாரிப்பு தொடங்கும். மக்கள் கேட்பதைத் தொகுத்து, தேவையை வரிசைப்படுத்தி, நிதியோடு பொருத்திப் பதிவேற்ற வேண்டும் என்பது விதி. நடைமுறையில், ஒன்றிய அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் போன வருஷப் பட்டியல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். பேவர் பிளாக், சிமென்ட் ரோடு, சிறுபாலம், சாக்கடை, இன்னொரு தொட்டி. எல்லாவற்றுக்கும் எஸ்டிமேட் உண்டு, அளவு உண்டு, வேலை முடிந்ததும் எடுக்க போட்டோ உண்டு. கல்வெட்டும் வைக்கலாம். ரீவைண்டிங்குக்குக் கல்வெட்டு வைத்தவர் யாரும் இல்லை. வார்டு மெம்பரும் தன் தெருவுக்கு ‘ஒரு வேலை’ கேட்பாரே தவிர, போட்ட வேலை ஓடுவதற்குக் காசு கேட்க மாட்டார்.

பணம் வரும் வழியைப் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியம். 15-வது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்குக் கொடுத்த அடிப்படை மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி. குடிநீருக்குப் பாதி, சுகாதாரத்துக்குப் பாதி. மிச்சம் 40 சதவீதத்தை ஊராட்சி விருப்பப்படி செலவழிக்கலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் தொடக்கூடாது. குடிநீர்ப் பங்கில் பராமரிப்புச் செய்யத் தடையில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பணம் பதிவேற்றிய வேலைக்குத்தான் நகரும். ஜனவரியில் பதிவேற்றிய பட்டியலில் மே மாதம் எந்த மோட்டார் எரியும் என்று எழுத ஜோசியர்தான் வேண்டும். ‘பழுதுபார்ப்பு’ என்று மொத்தமாக ஒரு தொகையைப் போட்டால் எஸ்டிமேட் எங்கே என்ற கேள்வி வரும். தணிக்கையில் அது ஒரு தடைப் பத்தியாக வந்து நிற்கும்.

மாநில நிதி ஆணைய மானியம் இன்னொரு வழி. ஊராட்சிகளுக்கு மூன்று வங்கிக் கணக்குகள். முதல் கணக்கு பொது நிதி, மூன்றாவது திட்டப் பணம். நடுவில் இருக்கும் இரண்டாவது கணக்கு கரண்ட் பில்லுக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் மட்டுமே. பணம் அதில் வந்து, தங்காமல் போய்விடும். சின்ன ஊராட்சியில் முதல் கணக்கில் எஞ்சியிருப்பதை வைத்துத்தான் பிளீச்சிங் பவுடர், தெரு லைட், பல்ப், பியூஸ், டேங்க் ஆபரேட்டர் சம்பளம். செக்கில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்ற பழைய ஏற்பாடு தனிக் கதை. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊரில் ஒரு பேரிங் வாங்கக்கூட மத்தியஸ்தம் தேவைப்படும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாலு மோட்டார், ஒவ்வொன்றும் ஏழரை எச்.பி., நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குச் சுமார் 134 யூனிட், மாதத்துக்கு நாலாயிரத்தைத் தாண்டும். யூனிட் எட்டு ரூபாய் என்று பிடித்தால் மாதம் 32,000 ரூபாய்க்கு மேல் கரண்ட் பில். அதே ஊரில் 400 குழாய் இணைப்பு, மாதம் 30 ரூபாய் கட்டணம், எல்லோரும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்றே வைத்தாலும் வரவு 12,000. எல்லோரும் ஒழுங்காகக் கட்டும் ஊரை நான் பார்த்ததில்லை. இதில் ரீவைண்டிங்கும் கேபிளும் இன்னும் சேரவில்லை.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தது. ஒருவருக்கு நாளுக்கு 55 லிட்டர் என்பது அளவு. பெண்கள் குடத்தோடு காத்து நின்ற தெருக்களில் அது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் பொதுக்குழாய் நாலு இருந்த தெருவில் அறுபது வீட்டுக் குழாய் வந்தால் மோட்டார் கூடுதல் நேரம் ஓடும், வால்வு கூடுதலாகத் தேயும், கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போக டேங்க் ஆபரேட்டர் கூடுதல் முறை திறந்து மூட வேண்டும். போடும் செலவுக்குத் திட்டம் இருந்தது. ஓட்டும் செலவு ஊராட்சியின் தலையில் வந்து இறங்கியது. தவணையில் பைக் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெட்ரோலை நீயே போட்டுக்கொள் என்ற கதை.

திறன் என்பதை நான் இங்கேதான் தேடுகிறேன். தன்னிடம் என்ன இருக்கிறது, அதற்கு என்ன வயது, அடுத்து எது போகும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று ஓர் ஊராட்சிக்குத் தெரிகிறதா? சொத்துப் பதிவேடு என்று ஒன்று ஊராட்சி அலுவலக பீரோவில் இருக்கும். நான் புரட்டிய ஒன்றில் 2006-க்கு முன் போட்ட கைப்பம்புகள் வரிசையாக இருந்தன. அதில் பாதி இப்போது தரையில் இல்லை. தற்போது ஓடும் மோட்டார்களில் இரண்டைக் காணோம். எந்தப் போர் எத்தனை அடி, எத்தனை லெங்த் பைப் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் டேங்க் ஆபரேட்டரின் தலைக்குள் இருக்கிறது. அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அவரை எந்தப் பயிற்சிக்கும் யாரும் கூப்பிட்டதில்லை.

கேரளத்தை உதாரணம் காட்டினால் நம் ஆட்களுக்குக் கோபம் வரும். காட்டத்தான் வேண்டியிருக்கிறது. 1996 ஆகஸ்டில் அங்கே மக்கள் திட்டம் தொடங்கியபோது திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குப் போயிற்று என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதைவிடச் சத்தமில்லாத ஓர் ஏற்பாடு. அங்கே உள்ளாட்சிக்கு வரும் பணம் மூன்று வகை: வளர்ச்சி நிதி, பொது நிதி, பராமரிப்பு நிதி. சாலைப் பராமரிப்புக்கும் மற்றச் சொத்துகளின் பராமரிப்புக்கும் தனித்தனியாக வருகிறது. பழுதுபார்ப்பதற்கென்று பட்ஜெட்டில் ஒரு கட்டம் இருந்தால் சொத்துக் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ள ஊராட்சிக்கே ஆசை வரும், கணக்கில் இல்லாததற்குப் பணம் கேட்க முடியாதே!

அங்கே ஊராட்சிகள் பெரியவை என்பதும் உண்மை. மொத்தம் 941, ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பதினைந்தாயிரம் பேருக்கு மேல். நமக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஊராட்சிகள். சராசரி மூவாயிரம் பேர். அவர்களுடைய ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பட்டாளமே இருக்கும், இங்கே ஒரு செயலர். வீட்டு வரி ரசீது, கிராம சபைத் தீர்மானம், நூறு நாள் வேலை, இருபது முப்பது பதிவேடு, வாட்ஸப் குழுவில் ‘உடனே அனுப்பவும்’ என்று வரும் படிவங்கள் எல்லாம் அவர் ஒருவரே. பொறியாளர் ஒன்றியத்தில் இருக்கிறார். ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பதுக்கு மேல் ஊராட்சிகள். அவர் வந்து எரிந்த மோட்டாரைப் பார்த்து அளவெடுக்கும்வரை ஊர் தாங்காது.

இதையெல்லாம் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் சொன்னபோது சிரித்தார். “பராமரிப்புன்னு தனியா காசு கொடுத்துப் பாருங்க, மாசம் ஒரு மோட்டார் எரியும்” என்றார். எரியாத மோட்டாருக்குப் பில் போட்ட ஊர்களை அவர் பார்த்திருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. அதற்காக எரிந்த மோட்டாருக்குத் தலைவர் வட்டி கட்டுவதை விட்டுவிட முடியுமா? வட்டி கட்டியவர் அடுத்த எஸ்டிமேட்டில் அதை எப்படி எடுப்பார் என்பது அந்த அதிகாரிக்கும் தெரியாததல்ல.

நம்மிடம் சாதித்துக் காட்டிய ஊரே இல்லை என்பதும் தப்பு. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சி கரண்ட் பில்லைத்தான் முதலில் எதிரியாகப் பார்த்தது. மரக்கழிவை எரித்து எரிவாயு எடுக்கும் கருவியை வைத்துத் தண்ணீர் இறைத்துப் பார்த்தார்கள். பிறகு 2006-ல், ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையே வாங்கிவிட்டார்கள். ஊராட்சி வங்கிக்குப் போய்க் கடன் வாங்கி, மின்சாரம் விற்று அடைத்தது. பார்க்க வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் காற்றாலையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மாதாமாதம் வரும் பில்லை எடுத்து வைத்து ‘இது ஏன் இவ்வளவு?’ என்று கேட்டதில் தொடங்கிய கதை அது. அந்தக் கேள்வியை எந்த ஊராட்சியும் கேட்கலாம், அதற்குக் காற்று அடிக்க வேண்டியதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்குத் தலைவருக்கு ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும். அதற்குள் ஐந்து வருஷத்தில் ஒரு பகுதி போய்விடும். அவருக்கு அடுத்த தலைவரும் உடனே வருவதில்லை: 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று வருஷத்துக்கு மேல் தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே முப்பது ஊருக்குத் தலைவர். அவர் நல்லவராகவே இருக்கட்டும். விடியற்காலை டேங்க் ஆபரேட்டர் போன் போடக்கூடிய ஆள் அவர் இல்லை.

அந்த மேற்கு மாவட்டத்துத் தலைவரம்மா பதவியில் இருந்தபோது கடையில் ஒரு நீள நோட்டு வாங்கி, மோட்டாருக்கு இரண்டு பக்கம் வீதம் ஒதுக்கினார். போட்ட தேதி, எச்.பி., போர் ஆழம், ரீவைண்டிங் எப்போது, எவ்வளவு. டேங்க் ஆபரேட்டர் சொல்லச் சொல்ல அந்த ஆபரேட்டரின் மகள் எழுதினாள், பிளஸ் டூ படிக்கும் பெண். ஒரு வருஷம் எழுதியதில் நாலில் ஒரே மோட்டார்தான் திரும்பத் திரும்ப எரிகிறது, அதுவும் அந்த லைனில் வோல்டேஜ் குறையும் மாலை நேரத்தில் என்று தெரிந்தது. மாலை ஓட்டத்தை விடிகாலைக்கு மாற்றினார்கள். அந்த வருஷம் அது எரியவில்லை.

அடுத்த கிராம சபையில் அந்த நோட்டையும் கரண்ட் பில்லையும் வாசித்துவிட்டு, குழாய்க் கட்டணத்தை 30-லிருந்து 50 ஆக்கலாமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் சத்தம். கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. கூடுதல் இருபது ரூபாயைத் தனியாக எழுதி வைத்து மோட்டாருக்கு மட்டும் எடுப்பது என்று முடிவு. இன்றைக்கும் மூன்று வீடு பழைய முப்பதையே கட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு வீடு, தீர்மானத்தை வழிமொழிந்த வார்டு மெம்பருடையது.