நடுக்கடலில் எஞ்சின் நின்றால்...

"எஞ்சின் எல்லாம் ஆம்பளைங்க சமாசாரம், நமக்கென்ன?" என்று எங்கள் கடற்கரைப் பெண்கள் சொல்வதுண்டு. வள்ளம் வரத் தாமதமானால் மணலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பது யாராம்? நாம்தானே! 1909-ல் அமெரிக்காவில் ஓல் எவின்ரூட் என்பவர் படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை விற்கத் தொடங்கினார். அந்த வியாபாரத்தைக் கட்டிக் காத்தது அவர் மனைவி பெஸ்தான். அதனால் தைரியமாகப் படியுங்கள். நான் மெக்கானிக் இல்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் எஞ்சினைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கோளாறு பெரும்பாலும் எண்ணெயில்தான் தொடங்கும். எங்கள் குமரிக் கடற்கரையில் பல வள்ளங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆனால் எஞ்சினைக் கிளப்புவது பெட்ரோலில். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலில் சிறிது ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். ஆறிப்போன எஞ்சின் அப்புறம் லேசில் கிளம்பாது, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலிதான் மிச்சம்! சாப்பாட்டுத் தூக்கோடு சின்ன பெட்ரோல் கேனும் ஏறிவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் அது கேனின் அடியில் போய் நிற்கும். கேனை ஆட்டாமல் வைத்திருந்து, மேலாக மெதுவாகத் துணியில் வடித்து ஊற்றவேண்டும். கடைசியில் மிஞ்சுவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். அடியில் தனியாகக் கோடு கட்டினால் அது தண்ணீர், டாங்கில் ஊற்ற விடாதீர்கள். இந்த வேலையெல்லாம் வெளி முற்றத்தில்தான், அடுப்பங்கரைப் பக்கமே வேண்டாம்!

நன்றாக ஓடிய எஞ்சின் கொஞ்ச தூரத்தில் மூச்சு முட்டியதுபோல் நின்றால், டாங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சமையல் எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக விழுகிறதா? அதே கதைதான். திருகைத் திறந்து, குழாயிலுள்ள ரப்பர் பந்தைக் கெட்டியாகும் வரை அமுக்கினால் போதும்.

ஓட்டுகிறவர் கையில் மாட்டிக்கொள்ளும் கயிறு ஒன்று உண்டு. அவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்கு. அதன் கிளிப் கழன்றிருந்தாலும் எஞ்சின் கிளம்பாது. இது தெரியாமல் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. தொந்தரவாக இருக்கிறது என்று அந்தக் கயிற்றைக் கையில் மாட்டாமலே ஓட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பிளக் கரிபிடித்து நனைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். புதிய பிளக்கும் அதைக் கழற்றும் சாவியும் பிளாஸ்டிக் டப்பாவில் போகட்டும்.

எஞ்சின் ஓடும்போது பின்னால் தண்ணீர் நூலாகப் பீய்ச்சும். கடல்நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிரவைத்து வெளியே விடுகிற தண்ணீர் அது. நின்றுபோனால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். உறிஞ்சும் வாயை இந்தக் காலத்தில் பிளாஸ்டிக் பைதான் அடைக்கிறது. பை இல்லையென்றால் உள்ளேயிருக்கும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கும். கரையில் தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்த்தாலும் அந்த ரப்பர் கெட்டுவிடும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் நிறைத்த டிரம்மில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் உள்ளே உப்புப் படியாது.

எஞ்சின் உறுமுகிறது, வள்ளம் நகரவில்லை என்றால் கோளாறு விசிறியில். நைலான் நூல் சுற்றியிருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும். நூல் உள்ளே வரை போய்ச் சீலை வெட்டிவிட்டால் கியர் எண்ணெயில் தண்ணீர் புகும். அந்த எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் மெக்கானிக் பார்க்காமல் வள்ளத்தை இறக்கக் கூடாது, எவ்வளவு மீன் பட்டாலும் சரி.

நடுக்கடலில் நின்றுவிட்டால் எஞ்சினைத் தொடுவதற்கு முன், ஆழம் குறைவான இடமாக இருந்தால் நங்கூரம் போட வேண்டும். இல்லாவிட்டால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். துடுப்பும் உயிர் காக்கும் சட்டையும் வள்ளத்திலேயே இருக்கட்டும். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. எங்கள் வீட்டு எண்ணெய் டாங்க் மூடியில் அதைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.